இறக்கத்தில் எஞ்சின் வேண்டாம்

எஞ்சின் அணைந்ததும் முதலில் கேட்பது அவளுடைய மூச்சுதான்.

வீட்டிலிருந்து புறப்பட்டு மூன்றாவது வளைவு தாண்டியதும் அவள் கணவர் சாவியை ஒரு சொடுக்குப் பின்னால் திருப்புவார். அதற்கு மேல் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே ஒரு சொடுக்கு. அந்தச் சின்ன வெள்ளைக் கார் சட்டென்று ஊமையாகிவிடும். தார் மேல் சக்கரம் உருளும் சத்தம் வரும். அதற்கு அடியில், அவள் காலிடுக்கில் நிற்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரின் சீறல். அதற்கும் அடியில், ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி அவள் நெஞ்சு.

"பாத்தியா? பூ மாதிரி போகுது" என்பார்.

"பூவுக்கு பிரேக் தேவையில்ல. நமக்கு வேணுமே."

"பிரேக்கைத் தொடாம ஓட்டறவன்தான் டிரைவர். மத்தவனெல்லாம் பெட்ரோலைக் காசு குடுத்து வாங்கி ரோட்டுல தேய்ச்சிட்டுப் போறான்."

எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கை இரண்டு தடவை மிதிக்கலாம். மூன்றாவது மிதிக்கு அது கல்லாகிவிடும். அவர் தொடை இறுகுவதைப் பார்த்தே எத்தனையாவது மிதி என்று அவள் தெரிந்துகொள்வாள். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். வளைவுகளில் அவர் தோளைக் கொடுத்துத் திருப்புவார். கீழே பள்ளம். அவள் பள்ளத்தைப் பார்க்க மாட்டாள், சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் உயிர் அந்த முள்ளில்தான் இருந்தது.

அவர் கஞ்சர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு என்ன கேட்டாலும் வாங்கிக் கொடுப்பார். வீணாவதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. சோப்புத் தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டியவர். எண்ணெய் எரியும் ஜ்வாலையைச் சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தே, காற்றுக் கதவை எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். காற்று குறைந்தால் புகைபோக்கியில் கரும்புகை வரும். கூடினால் சூடெல்லாம் வானத்துக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஓர் இடம் உண்டு. வேலைக்காலம் முழுக்க அவர் அந்த மயிரிழையில்தான் உட்கார்ந்திருந்தார். மற்ற ஷிஃப்டுகளைவிட அவர் ஷிஃப்டில் எண்ணெய் குறைவாகவே செலவானது. கூட வேலை செய்தவர்கள் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த சுவர்க்கடிகாரத்திலும் அந்தப் பெயரைப் பொறித்திருந்தார்கள்.

அவள் பஞ்சாலையில் இருந்தவள். பஞ்சு சிக்கெடுக்கும் பகுதியில், மூக்கில் துணி கட்டாத காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, துணி கட்டச் சொன்ன காலத்தில் நின்றாள். அதற்குள் நெஞ்சு நிரம்பிவிட்டது. "நீ பஞ்சு, நான் புகை. நல்ல ஜோடிதான் போ" என்று அவர் சிரிப்பார். டாக்டர் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்தால் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர், நடந்தால் மூன்று என்று ஆக்ஸிஜன் அளவு எழுதிக் கொடுத்தார். வீட்டில் கட்டிலருகே ஓர் ஆக்ஸிஜன் மெஷின். அதன் கண்ணாடிக் குழாயில் ஒரு குண்டு மிதக்கும். குண்டு இரண்டில் நிற்க வேண்டும். வெளியே போனால் சிலிண்டர்.

ஓய்வுக்குப் பிறகு மலைமேல் வீடு பார்த்ததும் அவர்தான்.

"இவ்வளவு உசரத்துலயா? ஆஸ்பத்திரி கீழ இருக்கே" என்றாள் அவள்.

"அதனாலதான் சொல்றேன். போறது இலவசம்."

"வர்றது?"

"வர்றப்ப பாத்துக்கலாம்."

அப்போது அவளும் சிரித்தாள்.

முதலில் அவர் செய்தது எதிலும் தப்பில்லை. ஆக்ஸிலேட்டரை முட்டை மேல் கால் வைப்பதுபோல் மிதித்தார். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட்டார். டயரில் காற்றை வாரந்தோறும் பார்த்தார். அந்தக் கார் மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட அவருக்கு அதிகம் கொடுத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் மைலேஜ் என்பது எட்ட எட்ட நகரும் விஷயம். இருபத்திரண்டு வந்தவனுக்கு இருபத்துமூன்று ஏன் வரக்கூடாது என்று தோன்றும். தோன்றியது.

டயருக்குச் சொன்னதைவிட அதிகமாகக் காற்று ஏற்றினார். கார் குழியில் இறங்கினால் அவள் பல் ஆடியது. வண்டியின் கனத்தில் கை வைத்தார். முதலில் ஜாக்கியும் ஸ்பேனர்களும் ஷெட்டுக்குப் போயின. அப்புறம் ஸ்டெப்னி டயர், மிதியடிகள், பின்சீட்டு. டாங்கை நிரப்புவதையும் விட்டார். பெட்ரோலுக்கும் கனம் உண்டாம், கால் டாங்குக்கு மேல் சுமப்பது முட்டாள்தனமாம்.

மத்தியானங்களில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ், வாட்டசாட்டமான ஆள், ஒருநாள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஐயா, உள்ள இன்னொரு கார் இருக்கு போலயே. எஞ்சின் ஒண்ணு வாங்கிப் போட்டா அதுவும் ஓடும்."

"அதெல்லாம் சும்மா பாரம், சிஸ்டர்."

"என்னையும் ஒருநாள் கீழ கொண்டுபோய் விடுறீங்களா?"

அவர் சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். எடை போடுகிற பார்வை. அன்று அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் அவர் பார்வை அந்த இரண்டாவது சிலிண்டர் மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு சிலிண்டர் எடுத்துப் போக வேண்டும் என்பது சிஸ்டர் வைத்த சட்டம். ஒன்று காலடியில், ஒன்று இருப்புக்கு. இருப்புச் சிலிண்டர் போகும், வரும், ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. திறக்காத ஒன்றை மலைமேல் ஏற்றி இறக்குவது அவரை உறுத்தியது. ஒரே சிலிண்டரில் போய் வந்துவிட முடியாதா? முடியும். சிலிண்டரின் திருகைக் கொஞ்சம் குறைத்தால் முடியும்.

"கார்ல உனக்கு என்ன வேலை? உக்காந்துதானே இருக்கே? வண்டி ஐட்லிங்ல நிக்கறப்ப எவ்வளவு குடிக்கும்? கொஞ்சம்தானே?" என்றார். இரண்டில் இருந்த திருகு ஒன்றுக்கு வந்தது.

அவள் அதைத் திரும்ப ஏற்றவில்லை. அந்த மனிதர்தான் தினமும் காலையில் அவள் மூக்குக் குழாயை வெந்நீரில் அலசி, உதறி, நிழலில் காயப்போடுபவர். மெஷினின் வடிகட்டியைத் தூசு தட்டிப் பொருத்துபவர். அவர் அளவுக்குச் சுத்தமாக எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் செய்ததில்லை. கீழே நகரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கும் தங்கை, "என்கிட்ட வந்து இருந்துடுக்கா, ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் வந்துட்டா இந்த மனுஷனை யாருடி பாத்துக்கறது?" என்று அவளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தலைவலி வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். காரில் போய் வந்த நாட்களில் வந்தால் காரணம் தெரியும். இது வீட்டிலேயே, கண் விழிக்கும்போதே, நெற்றியை இறுக்கிக் கட்டியதுபோல் வந்தது. பகலில் தூங்கி வழிந்தாள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் என்ன என்று யோசித்தாள். ஒருநாள் சிஸ்டரைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

சிஸ்டர் அவள் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். முகம் மாறியது. நேராக மெஷினிடம் போய்க் குனிந்தார். குண்டு ஒன்றுக்குச் சற்று மேலே, சாதுவாக மிதந்துகொண்டிருந்தது.

"இதை யார் தொட்டது?"

"நான்தான்" என்றார் அவர், பேப்பரை மடக்காமலே. "கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டு வர்றேன். ஒரேயடியா இறக்கினாத்தான் ஒத்துக்காது. பழக்கிட்டா ஒண்ணும் தெரியாது. அவளே கண்டுபிடிக்கலையே?"

சிஸ்டர் நிமிர்ந்தார்.

"ஐயா, இது பாய்லர் இல்ல."

"காத்துன்னா காத்துதான் சிஸ்டர். தேவைக்கு மேல போனா எங்கயும் வீண்தான்."

"தேவை எவ்வளவுன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"எழுதுவாங்க. கார் கம்பெனிக்காரனும்தான் எழுதறான், டயருக்கு இவ்வளவு காத்துன்னு."

சிஸ்டர் குண்டை இரண்டுக்கு ஏற்றினார். அவள் கணவர் கோபப்படவில்லை. கணக்குப் புரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளைப் பயமுறுத்தியது. அடிக்கிற புருஷனாக இருந்தால் ஊரைக் கூட்டலாம். அன்பாக, பொறுமையாக, நாளுக்கு ஒரு மயிரிழை என்று காற்றைக் குறைத்துக்கொண்டு வருகிறவரை என்ன செய்வது?

"டாக்டர்ட்ட சொல்லட்டுமாம்மா?" என்று சிஸ்டர் தனியாகக் கேட்டார்.

"வேண்டாம். அவர் மானம் போயிடும்."

"உங்க உசிர் போனா பரவால்லையா?"

"சொல்லிப் பாக்கறேன். கேப்பார்."

சிஸ்டர் அதை நம்பவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தார். அவள் கணவர் குளிக்கப் போயிருந்த நேரம், இரண்டாவது சிலிண்டரை ஒரு பழைய போர்வையில் சுற்றி, காரில் பின்சீட்டு இருந்த காலி இடத்தில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் படுக்க வைத்து, மேலே துடைக்கிற துணிகளைப் பரப்பினார். "அது அங்கயே கிடக்கட்டும். நீங்க பாட்டுக்குத் திருகை ரெண்டுல வெச்சுக்குங்க. முள் கீழ போனா அதை எடுத்து மாட்டச் சொல்லுங்க. அப்ப அவர் சண்டை போட மாட்டார்" என்றார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. புருஷனுக்குத் தெரியாமல் ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்வது அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"வண்டி இழுக்க மாட்டேங்குது" என்றார். கடைக்கும் தபால் ஆபீசுக்கும் போய் வந்து, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். காற்று வடிகட்டியை வெயிலில் வைத்தார். "மைலேஜ் இறங்கியிருக்கு. எங்கயோ பாரம் ஏறியிருக்கு" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு சிலிண்டரின் கனத்தைக் காலால் உணர்கிற மனிதர், பக்கத்தில் படுத்திருப்பவளின் மூச்சு மாறுவதை உணரவில்லையே என்று மட்டும் நினைத்தாள்.

ஆஸ்பத்திரி போகும் நாள் காலையில் அவர் முகம் தெளிந்திருந்தது. விசில்கூட அடித்தார். பிளக்கைத் துடைத்தது வேலை செய்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். காலடியில் சிலிண்டரை நிற்கவைத்துத் திருகை ஒன்றில் வைத்தார். முள் பாதியில் நின்றது.

"பாதிதானே இருக்கு?"

"பாதி போதும். காலியாகறதுக்கு முன்னாடி மாத்தறது எதுக்கு?"

கார் கிளம்பியது. மூன்றாவது வளைவில் எஞ்சின் அணைந்தது. அவர் கண் சாலையில் இருந்தபோது அவள் கையை இறக்கித் திருகைச் சத்தமில்லாமல் இரண்டுக்குத் திருப்பினாள். பின்னால்தான் முழுச் சிலிண்டர் இருக்கிறதே.

வண்டி அன்று உண்மையாகவே பூ மாதிரி போனது. வழக்கத்தைவிட லேசாக, வழக்கத்தைவிட வேகமாக. பாலத்துக்கு முந்தைய வளைவைத் திரும்பியபோது சாலை முழுக்க வண்டிகள் நின்றன. மரம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அவர் தொடை ஒரு தடவை இறுகியது. இன்னொரு தடவை. மூன்றாவது மிதிக்குப் பிரேக் கல்லானது. அவர் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். முன்னால் நின்ற காய்கறி வேனை முட்டாமல், ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது.

"பாத்தியா? நின்னுடுச்சு" என்றார். கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

காத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். வெயில் கண்ணாடி வழியாக இறங்கியது. சிலிண்டரின் சீறல் மெலிந்துகொண்டே வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது. அவளுக்குப் பதற்றமில்லை.

"மாத்திடுங்க" என்றாள்.

"எதை?"

"பின்னாடி இருக்கே. சிஸ்டர் வெச்சது. போர்வைல சுத்தி."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அதையா? அதைக் காலைலயே எடுத்து ஷெட்டுல வெச்சிட்டேனே" என்றார். "அதுதான் பாரம். ஒரு வாரமா நான் பிளக்கைக் கழட்டிக் கழட்டி..." பாதியில் நிறுத்தினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்புவதற்கும் மூச்சு செலவாகும்.

"நீ ஏன் ரெண்டுல வெச்சே? ஒண்ணுல இருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும்..."

"கரும்புகை" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் தன் வாயைச் சுட்டிக்காட்டினாள். அவர் அவள் உதட்டைப் பார்த்தார். ஜ்வாலையைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உதடு நீலமாகியிருந்தது. விரல் நகமும் அப்படியே. பல வருஷம் கண்ணாடித் துளை வழியாக நெருப்பைப் பார்த்த மனிதர், மனைவியின் முகத்தை அப்போதுதான் பார்த்தார் போலிருந்தது. கை தானாகத் திருகுக்குப் போய் அதை முழுக்கத் திறந்தது. சீறல் ஒரு நொடி கூடியது. நின்றுவிட்டது.

அவர் எஞ்சினைக் கிளப்பி, அந்தக் குறுகல் சாலையில் முன்னும் பின்னும் ஒடித்துக் காரைத் திருப்பினார். பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பு மண்ணைச் சரித்தது. மேல்நோக்கி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக, மிதியைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். அந்தக் கார் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. காற்று முட்டிய டயர்கள் கல்லுக்குக் கல் துள்ளின. அவள் கண்ணுக்கு முன்னால் இரண்டு முட்கள் இருந்தன. சிலிண்டர் முள் படுத்துவிட்டது. பெட்ரோல் முள்ளும் ஏற்றத்தில் மெதுவாகப் படுக்கப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது எஞ்சின் இருமியது. அவள் இருமல் மாதிரியே இருமியது. நின்றது. டாங்கில் மிச்சமிருந்த சொட்டுகள் ஏற்றத்தில் பின்பக்கம் ஒதுங்கிவிட்டன.

அவர் சாவியைத் திருப்பினார், திருப்பினார். பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடினார். வாழ்நாளில் எதையும் வேகமாகச் செய்யாத மனிதர் ஓடுகிற ஓட்டத்தைக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். வளைவு அவரை மறைத்தது.

பிறகு யாரும் இல்லை.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஒன்று இருந்தது. முன்னால் சாய்ந்து, முழங்கையை டாஷ்போர்டில் ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து ஊத வேண்டும். விளக்கு அணையக் கூடாது, சுடர் மட்டும் ஆட வேண்டும், அவ்வளவு மெதுவாக. அவள் ஊதினாள். கண்ணாடி மூலையில் கறுப்பு ஏறியது. ஊதினாள். கண்ணுக்குள் ஆலைப் பஞ்சு பறந்தது. எங்கே பறந்தது என்று அவள் பார்க்கவில்லை. பேசவில்லை, அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அழுதால் செலவு. இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் ஓட்ட முடியுமோ அவ்வளவு தூரம் ஓட்டினாள். அவர் மைலேஜெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. சிலிண்டரைத் தோட்டத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வந்திருந்தார். அந்தச் சக்கரத்துக்கும் அவர் எண்ணெய் போட்டு வைத்திருப்பார், அதனால் துளி சத்தம் இல்லை. கதவு திறந்த பிறகுதான் கை தெரிந்தது. மாட்டியதில் பிசகில்லை. சீறல் கேட்டது.

மரலாரி நகராததால் திரும்பி வந்த காய்கறி வேன்காரர்தான் அவர்களைச் சுற்றுப்பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அவள் பிழைத்தாள். வார்டில் கிடந்த நாட்களில் டாக்டர் அவரை வராந்தாவில் நிற்க வைத்துப் பேசினார். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீட்டுக்குத் திரும்பியதும் ஷெட்டிலிருந்து பின்சீட்டை எடுத்து மாட்டினார். டாங்கை நிரப்பினார். மெஷின் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

சிஸ்டருக்கு அது போதவில்லை. ஒருநாள் மத்தியானம் ஜூஸ் உறிஞ்சுகிற ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"ஐயா, இதை வாயில வெச்சுக்குங்க. மூக்கைப் பிடிச்சுக்குங்க. இது வழியாத்தான் மூச்சு விடணும். நாங்க படிக்கறப்ப எங்களையும் இப்படித்தான் செய்யச் சொன்னாங்க. அம்மாவுக்கு எப்படி இருக்கும்னு தெரியணும்ல?"

"நல்லதுதான்" என்று அவர் பணிவாகச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். முதலில் கண் பிதுங்கியது. தோள் ஏறி இறங்கியது. சிஸ்டர் திருப்தியோடு அவளைப் பார்த்தார். இன்னும் கொஞ்சத்தில் பிடுங்கி எறிந்துவிடுவார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அவர் எறியவில்லை. தோளைத் தளர்த்தினார். முதுகைச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு நீண்டது, மெலிந்தது, சீரானது. குழாயில் மெல்லிய, ஒழுங்கான சத்தம் வந்தது. சிஸ்டரின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். போதும் என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் குழாயை எடுத்தார். எடுத்தபோது அவர் கண் பழையபடி மின்னியது.

"இதுல ஒண்ணும் கஷ்டமே இல்லையே" என்றார். "ஆரம்பத்துலதான் திணறுது. உடம்பை அசைக்காம, பதறாம இழுத்தா இந்த ஓட்டையே தாராளம். அவ பதறிடறா, அதான் விஷயம். நான் அவளுக்குப் பழக்கி விடறேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், பொறுமையாக, அன்போடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை அவள் முகத்திலிருந்து நழுவி, மெஷினின் கண்ணாடிக் குழாயில் போய் நின்றது.

"சிஸ்டர்" என்றாள் அவள், "அலமாரிக்கு மேல என் பை இருக்கு. எடுத்துக் குடுங்க."

"எங்க போறே?" என்றார் அவர்.

"தங்கச்சி வீட்டுக்கு."

"எப்ப வருவே?"

அவள் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க வந்து பாருங்க. போறது இலவசம்தானே."

மறுநாள் காலை டாக்சி வந்தது. ஓட்டுபவர் தொந்தியும் துண்டுமாக நிதானமான ஆள். மெஷினைப் பின்னால் ஏற்றி, ஒரு சிலிண்டரை அதனருகே சாய்த்து, இன்னொன்றை அவள் காலடியில் நிறுத்தினார். அவள் கணவர் குழாய்களை அலசிக் காயவைத்து, சுத்தத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஓட்டுபவரின் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மூணாவது வளைவு தாண்டினதும் எஞ்சினை அணைச்சிடுங்க. கீழ வரைக்கும் சொட்டுகூடச் செலவில்லாமப் போகலாம்."

டாக்சிக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படிப் போனா கை, கால் ரெண்டும் கட்டிப் போட்ட மாதிரிங்க. கியர்ல போட்டுட்டு ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்தாலே இப்ப வர்ற வண்டில இறக்கத்துல பெட்ரோல் போறது தானா நின்னுடும். உங்க வண்டியும் அப்படித்தான் சார். எஞ்சினை அணைச்சு நீங்க என்ன மிச்சம் பிடிச்சீங்க?"

அவர் கை ஜன்னலிலிருந்து விழுந்தது.

டாக்சி நகர்ந்தபோது அவள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையசைக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. வாசலில் நின்ற சின்ன வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வளைவு வந்தது, போனது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்கவில்லை. சீறல் கேட்கிறதா என்று குனிந்து பார்த்தாள். முள் நிறைவைக் காட்டியது, திருகு இரண்டில் இருந்தது. அந்த வண்டியில் அதைத் தொட யாருமில்லை. ஆனாலும் கீழே போய்ச் சேரும்வரை அவள் அந்தத் திருகின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.